மலையுச்சியில் நடுக்கம் நின்றபோது

"பாதி மலை இந்தப் பிள்ளை ஏறுவா. மீதி மலைக்கு நாமதான் இவளைச் சொமக்கணும், பாத்துக்கிடு."

போன மார்கழியில், பூதப்பாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி மருந்துப் பெட்டியோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூட்டிப்போக மலையிலிருந்து வந்திருந்த, காட்டு எல்லை அளக்கும் குழுவின் ஓவர்சியர் சொன்னது இது. அவர் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற, அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் தாணுவிடம் சொன்னார். ஆனால் எனக்குக் கேட்கவேண்டும் என்றேதான் சொன்னார்.

இந்த ஆண்டு நம் நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் உங்களுக்கு வகுப்பில் வரும். நான் எழுதப்போவது வகுப்பில் வராதது. நானே தவறு செய்த ஒரு பகலைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தக் குழு மகேந்திரகிரி உச்சியில் முகாம் போட்டிருந்தது. அடிவாரத்துக் காட்டில் ஒரு மாதம் வேலை செய்ததில் பாதிப் பேருக்கு மலேரியாக் குளிர்காய்ச்சல். ஆளுக்கு ஆள் கொயினா மாத்திரை கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்க்க ஒருவர் வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் இரண்டு பேர். ஒருவர் கிறிஸ்துமஸ் லீவில் போயிருந்தார். மற்றவர் அதே காய்ச்சலில் படுத்திருந்தார். "நான் போறேன் சார்" என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுமை தூக்கும் பெண்கள் ஆறு பேர் மேலே இருக்கிறார்கள், அவர்கள் கூடாரத்தில் படுத்துக்கொள்வேன் என்று நானே விசாரித்து வைத்திருந்ததைச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஓவர்சியர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி, "யாரு மக?" என்பது.

சொன்னேன். அப்பா பனையேறுகிறவர், அம்மை பிறத்தியார் வயலில் நடவு நடுகிறவள். எங்கள் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்த கை இந்தக் கை. அதை எந்த ஊரில் யார் கேட்டாலும் தலை குனியாமல்தான் சொல்வேன். அவர் மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் நான் ஏறியதும் தம் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கூஜாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு முழு மலையும் நானே ஏறினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் பெருமை இடம் கொடுத்தாலும் பக்கம் இடம் கொடுக்காது.

மூன்றாம் நாள் காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. உச்சியில் நின்றால் கிழக்கே உப்பளமும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. இந்த வெளிச்சத்தை விட்டால் கிடைக்காது என்று ஓவர்சியர் அளக்கும் கருவியை மேட்டுப்பாறையில் நிறுத்திவிட்டார். தாணுவும் இன்னும் இருவரும் அவரோடு போனார்கள்.

பத்து மணிக்குக் கடல் மறைந்தது. பிறகு உப்பளம் மறைந்தது. பதினொரு மணிக்கு எங்கள் கைகளே எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. மூடுபனிக்குப் பின்னாலேயே காற்று வந்தது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் பாய்ந்தது. நம் ஊரில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைத்தான் காற்று என்போம். அதற்கு எதிராக நடக்கலாம். இந்தக் காற்றில் நாங்கள் பாறையைப் பிடித்துத் தவழ்ந்தோம். கூடாரங்கள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு போயின. மிஞ்சியது சமையல் மறைப்பு மட்டும். மூன்று பக்கம் கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டி, அதன் மேல் பாறாங்கற்களை வைத்திருந்தார்கள். சுமைப் பெண்கள், சமையல் பார்த்த இரண்டு ஆண்கள், நான், அரிசி மூட்டைகள் எல்லாம் அதற்குள் ஒடுங்கினோம்.

மேட்டுப்பாறைக்குப் போனவர்கள் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். வழி தெரியாமல் ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓவர்சியர் தம் மழைக்கோட்டைக் கழற்றிக் கருவிக்குச் சுற்றியிருந்தார். கம்பளி மப்ளரையும் அதற்கே கட்டியிருந்தார். சர்க்கார் பொருள் நனையக்கூடாது என்று தாம் நனைந்திருக்கிறார். அவரைப் பற்றி முன்னால் எழுதியதை வைத்து மட்டும் அவரை எடை போட்டுவிடாதீர்கள்.

அவர் பல் கிடுகிடுக்கும் சத்தம் மறைப்பு முழுக்கக் கேட்டது.

"குளிர்காய்ச்சல் ஏறிட்டு," என்றார் தாணு. "போன மாசமும் அவருக்கு வந்துதுல்லா. இது அதேதான்."

"கொ… கொயினா குடு," என்றார் ஓவர்சியர்.

கொடுத்தேன். இதுதான் என் முதல் தவறு. அவருக்குப் போன மாதம் வந்திருந்தது. குழுவில் பாதிப் பேருக்கு வந்திருந்தது. நான் அங்கே போனதே அந்தக் காய்ச்சலுக்காக. நம் நாட்டில் மலையடிவாரத்தில் ஒருவர் நடுங்கினால் அது காய்ச்சல் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவர் உடம்பைத் தொட்டுப் பார்க்காமலே, அவர் நனைந்த சட்டையோடு கிடக்க, நான் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன். நனைந்த சட்டைக்கு மேலேயே ஒரு போர்வையைப் போட்டு மூடினோம். மற்ற மூவருக்கும் சமையல்காரர்கள் உலர்ந்த துணி கொடுத்து அடுப்போரம் உட்கார வைத்தார்கள். நோயாளி என்று நாங்கள் முடிவு கட்டிய ஆள் ஒருவர்தான் நனைந்த துணியோடு கிடந்தார்.

அரை மணி கழித்து நடுக்கம் குறைந்தது. பிறகு நின்றே போனது.

"குளிர் உட்டாச்சு!" என்றார் தாணு. எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஒருவர் பீடி பற்ற வைத்தார்.

அடுத்து ஓவர்சியர் போர்வையை உதைத்துத் தள்ளினார். "சூடு… எடுங்கடே… சூடு" என்று குழறிக்கொண்டு சட்டைப் பொத்தானை இழுத்தார்.

"பாத்தியளா, இப்பம் சூடு ஏறுது. இனி வேர்க்கும், பெறவு எழும்பி உக்காந்து கஞ்சி கேப்பாரு," என்றார் தாணு. தம் வாழ்நாளில் பத்துத் தடவையாவது காய்ச்சலில் கிடந்தவர் அவர். முதலில் குளிர், பிறகு சூடு, பிறகு வேர்வை. புத்தகமும் அதையேதான் சொல்கிறது. நான் ஒரு துணியை நனைத்து அவர் நெற்றியில் போட்டேன். இரண்டாவது தவறு.

தாளில் எழுதவேண்டுமே என்றுதான் தெர்மாமீட்டரை அவர் அக்குளில் வைத்தேன். நேரம் பார்த்து எடுத்தேன். பாதரசம் ஏறவேயில்லை. நல்ல உடம்புக்குத் தொண்ணூற்றெட்டு டிகிரி இருக்கும். கண்ணாடியில் முதல் கோடு தொண்ணூற்றைந்து. அதற்கும் கீழே கிடந்தது.

உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அதேதான்.

"ஒடஞ்சு போச்சா பிள்ளே?" என்றாள் ராசம்மை அக்கா. சுமைப் பெண்களுக்குத் தலைவி அவள். என் அம்மையின் வயது இருக்கும், ஆனால் 'அக்கா' என்று கூப்பிடாவிட்டால் கோபம் வரும்.

எனக்கும் அதே எண்ணம்தான். துடைத்து என் நாக்குக்குக் கீழே வைத்தேன். என் உடம்பும் குளிர்ந்துதான் இருந்தது. ஆனாலும் தொண்ணூற்றேழுக்கு ஏறியது. கருவி சரியாக இருக்கிறது. அப்படியானால் சரியில்லாதது நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த விஷயம்.

அவர் நெஞ்சில் கை வைத்தேன். நனைந்த பாறையைத் தொட்டதுபோல் இருந்தது. சூடு என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஆளின் நெஞ்சு!

அந்த நேரத்தில் எனக்கு ஒரு குழந்தை நினைவுக்கு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஐப்பசியில், பிரசவ வார்டில், குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. ஜன்னல் கதவு உடைந்து சாரல் அடித்த அறை. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. "நல்லா ஒறங்குது" என்று நான் தாளில் எழுதினேன். அடுத்த கட்டிலில் இருந்த ஒரு தாய் எட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒறக்கமா இது? மீன் மாதிரில்லா கிடக்கு!" என்று சத்தம் போட்டாள். தன் குழந்தையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் ஈரத்துணியை உருவி எறிந்து, தன் மார்போடு சேர்த்துச் சேலையால் மூடிக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து அது மறுபடி அழுதது. அன்றும் பாதரசம் முதல் கோட்டுக்குக் கீழேதான் கிடந்தது. குளிர்ந்த குழந்தைக்கு அழக்கூடத் தெம்பு இருக்காது என்று அன்று கற்றுக்கொண்டேன். குழந்தைகளுக்கு மட்டும் உள்ளது என்று நினைத்துக் கற்றுக்கொண்டதுதான் என் குறை.

இந்த மனிதர் சூடு என்று குழறியது குளிர் மயக்கத்தில். நடுங்குவதை நிறுத்தியது குணமானதால் அல்ல. நடுங்குவதற்கு அவரிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை.

"இது காய்ச்சல் இல்ல அண்ணே," என்றேன். "இவரு குளிர்ல செத்துக்கிட்டு இருக்காரு."

யாரும் நம்பவில்லை. தாணு சிரிக்கக்கூடச் செய்தார். "குளிர்லயா? பனிக்கட்டியா விழுந்துகிடக்கு? நம்ம ஊர்ல குளிர்ல எவன் செத்திருக்கான் பிள்ளே?"

நியாயமான கேள்வி. அங்கே பனிக்கட்டி இல்லை. வாளித் தண்ணீர் உறையவில்லை. அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. ஈரத்துணியும் விடாத காற்றும் சேர்ந்தால் பனிக்கட்டி தேவையே இல்லை.

சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. ஓவர்சியரைக் கூப்பிட்டால் பதில் வரவில்லை. தாணுவின் முகம் மாறியது. அவர் ஓவர்சியருக்குத் தூரத்து உறவு. கீழே அவர் மனைவிக்குப் பதில் சொல்லவேண்டியவர். "அப்பம் தாமசிக்காண்டாம். தூளி கட்டுங்கடே, கீழ கொண்டு போவோம். பெரிய டாக்டர் பாக்கட்டும்," என்று கம்பு தேடினார்.

எல்லாக் காய்ச்சல்காரர்களையும் அப்படித்தான் இறக்கியிருக்கிறார்கள். போர்வையைக் கம்பில் கட்டி, அதில் கிடத்தி, நான்கு மணி நேரத்தில் அடிவாரம். ஆனால் அந்தக் காற்றில், அந்த மழையில், வழியில் நிரம்பி ஓடும் ஓடையைத் தாண்டி நான்கு மணி நேரம்! உலர்ந்த ஆள் பிழைத்து வருவதே சந்தேகம்.

தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவரைக் கீழே அனுப்பி அவர் வழியில் இறந்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். மேலேயே வைத்திருந்து அவர் இறந்தால், 'பனையேறி மக, நாலெழுத்துப் படிச்ச திமிர்ல ஒரு மனுஷனைக் கொன்னுட்டா' என்று வடசேரிச் சந்தை வரைக்கும் பேசுவார்கள். எனக்குப் பின்னால் எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான்கு பெண்பிள்ளைகளை அடுத்த நாளே நிறுத்திவிடுவார்கள். இது எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் முழுதாகத் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

"தூளி வேண்டாம். இவரை இங்கயேதான் வச்சுப் பாக்கணும்."

"ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறேன்."

எழுதியும் கொடுத்தேன். விரல் மரத்துப்போய் எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. ஆனால் என் பெயர் தெளிவாக இருந்தது.

அதன்பிறகு வேலைதான். பெண்களைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, அவருடைய ஈரத்துணி எல்லாவற்றையும் உருவினோம். பொத்தான் கழலாத இடத்தில் கத்திரி வைத்தேன். அரிசியைத் தரையில் விரித்திருந்த இன்னொரு தார்ப்பாயில் கொட்டி, காலிச் சாக்குகளை அடியில் அடுக்கினோம். மேலே போட மூன்று போர்வைகள் மட்டும் உலர்ந்திருந்தன. அது போதாது. போர்வை சூடு கொடுக்காது. இருக்கிற சூட்டைத்தான் காக்கும். அவரிடம் சூடே இல்லை. வேறு உடம்பிலிருந்துதான் வரவேண்டும்.

காலையிலிருந்து நனையாமல் அடுப்போரம் இருந்தவர்கள் அந்தச் சமையல்கார ஆண்கள் இருவரும்தான். அவர்களும் எங்களைப் போல் பனையேறித் தெரு ஆட்கள். ஓவர்சியருக்கு உலை வைப்பவர்கள் அல்ல. அவருக்குத் தாணு தனியாகப் பொங்குவார். "சட்டையைக் கழத்திட்டு ரெண்டு பக்கமும் ஒட்டிப் படுங்க" என்றேன். அவர்கள் அசையவில்லை. தாணுவைப் பார்த்தார்கள்.

தாணு என் பக்கம் திரும்பினார். "பிள்ளே… அவரு எழும்பிக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"மொதல்ல எழும்பட்டும் அண்ணே. கேக்கது பெறவு."

ராசம்மை அக்கா திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். "எலே, படுங்கலே சவங்களா! அந்த மனுசன் சாவ நேரம் பாத்துக்கிட்டு இருக்காரு, இங்க மரியாதை பாக்கியளா?"

படுத்தார்கள். ஒருவர் நெஞ்சுப் பக்கம், ஒருவர் முதுகுப் பக்கம். மேலே மூன்று போர்வைகளையும் போட்டு மூடினோம். அடுப்புக் கல்லைச் சூடாக்கிச் சாக்கில் பொதிந்து, தோலில் படாமல் அக்குளுக்கு அருகே வைத்தேன். ஒருவர் சாராயப் புட்டியை நீட்டினார். வாங்கி என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். விழுங்கத் தெரியாத நிலையில் இருக்கிறவர் வாயில் தண்ணீரைக்கூட ஊற்றக்கூடாது. கை காலைத் தேய்க்க எண்ணெயோடு வந்தவரையும் திருப்பி அனுப்பினேன். அந்தக் குழந்தைக்கு யாரும் கை காலைத் தேய்க்கவில்லை, நெஞ்சைத்தான் மூடினார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததை அன்று முயன்று பார்க்க நான் விரும்பவில்லை.

பிறகு காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. தார்ப்பாய் மேலே படபடவென்று அடித்துக்கொண்டது. ஒருமுறை ஒரு முனை பிய்ந்து, பெண்கள் நால்வர் அதைத் தொங்கிப் பிடித்தார்கள். நான் அவர் மணிக்கட்டை விடவில்லை. நாடி எப்போதோ ஒன்று வந்தது. தாணு என் கையெழுத்துப் போட்ட தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பதும், எடுத்துப் பார்ப்பதும், மறுபடி வைப்பதுமாக இருந்தார்.

இருட்டத் தொடங்கும் நேரம். நெஞ்சுப் பக்கம் படுத்திருந்தவர் திடீரென்று, "நர்ஸம்மா, இவரு ஆடுதாரு!" என்றார்.

ஓவர்சியர் நடுங்க ஆரம்பித்திருந்தார். சாக்கு, போர்வை, பக்கத்தில் படுத்த இரண்டு ஆட்கள் எல்லாமே சேர்ந்து குலுங்கின.

"அய்யோ, திரும்பவும் குளிர் வந்துட்டே!" என்று தாணு தலையில் கை வைத்தார்.

"வரட்டும் அண்ணே! நல்லா வரட்டும்!" என்று நான் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வெகுநேரம் நடுங்கினார். தெர்மாமீட்டரில் பாதரசம் முதல் கோட்டைத் தொட்டது. பிறகு தாண்டியது. அப்புறம் கண்ணைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்து, அவர் பேசிய முதல் பேச்சு: "யாருடே இது, என்னைப் போட்டு நெருக்குகது?"

தாணு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சூடு சார்," என்றார்.

முதலில் சிரித்தது ராசம்மை அக்கா. பிறகு அந்த மறைப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் விலகியும் படுக்கவில்லை. ராசம்மை அக்கா தன் அலுமினியத் தம்ளரில் கருப்பட்டிக் காப்பி நீட்டினாள். அவர் விழுங்குவதை நான் முதலில் ஒரு கரண்டியில் பார்த்துக்கொண்டேன். பிறகு தம்ளரைக் கொடுத்தேன். முழுதும் குடித்தார். கூஜா எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாள் நண்பகலில் காற்று விழுந்த பிறகுதான் இறங்கினோம். அவரைத் தூளியில் தூக்கி வந்தார்கள். பாதி மலையில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, தாணுவின் தோளைப் பிடித்துக்கொண்டு மீதியை நடந்தார். அடிவாரத்தில் நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"என் சட்டையைக் கத்திரிச்சது நீதானா?"

"ஆமா சார்."

"நல்ல சட்டை," என்றார். "அந்தத் தாளைத் தாணு என்கிட்ட காட்டுனான்." என் மருந்துப் பெட்டியைத் தாமே தூக்கி வண்டியில் வைத்தார்.

நடுங்குகிற ஆளைப் பார்த்துப் பதறாதீர்கள். நடுங்கவேண்டிய இடத்தில் நடுங்காமல் கிடக்கிற ஆளைப் பார்த்துப் பதறுங்கள். கருவி நீங்கள் நினைத்ததற்கு மாறாகக் காட்டினால், உடைந்தது கருவியா உங்கள் நினைப்பா என்று அரை நிமிடம் செலவழித்துச் சோதியுங்கள். அன்று அந்த அரை நிமிடத்தை முதலிலேயே செலவழித்திருந்தால் அவர் அத்தனை நேரம் ஈரத்தில் கிடந்திருக்கமாட்டார். இந்தக் கணக்கை நான் மறக்கவில்லை.

ஊருக்கு வந்ததும், தொண்ணூற்றைந்துக்குக் கீழே காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். 'இந்த ஊரில் அது எதற்கு?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இப்போது நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக் காகிதத்தின் தலைப்பு மாறியிருக்கிறது. மறுபடி எழுதினேன். இன்னும் பதில் இல்லை. அதற்காகக் காத்திருக்கவில்லை. விஞ்ஞானக் கூடத்தில் தண்ணீரின் சூடு பார்க்கும் நீளக் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றை நான் படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கினேன். என் தெர்மாமீட்டரோடு பக்கத்தில் வைத்து எத்தனை கோடு முன்பின் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

போன மார்கழியில் புயலோடு நின்ற அளவை முடிக்க அதே குழு இந்த மார்கழியிலும் மேலே போகிறது. இந்த முறை கம்பவுண்டர்கள் இரண்டு பேரும் ஊரில் இருக்கிறார்கள். பட்டியலில் முதலில் ஒருவர் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். நான் டாக்டர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை, உடனே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு உலர்ந்த போர்வைகள், மெழுகுத்துணியில் தைத்த மூட்டைகளாக, ராசம்மை அக்கா தலையில் ஒன்றும் மற்றவர்கள் தலையில் மீதியுமாக எனக்கு முன்னால் இதுவரை ஏறி வந்திருக்கின்றன. ஓவர்சியர் கடைசியில் வருகிறார். இந்த ஆண்டு இரண்டு மழைக்கோட்டு, ஒன்று கருவிக்கு.

இளைப்பாற உட்கார்ந்த பாறையில் வைத்து இதை எழுதி முடிக்கிறேன். கீழே இறங்கும் ஆளிடம் கொடுத்தனுப்பினால் நாளை உங்களுக்குக் கிடைக்கும். இது பாதி மலை. மீதியையும் நானேதான் ஏறப்போகிறேன். ராசம்மை அக்கா எழும்பச் சொல்லிக் கூப்பிட்டாயிற்று.